வயலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பனி ஆந்தை: ஏதாவது செய்யவேண்டுமா?

கேள்வி, நவம்பர் 30

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்துக்கு வடக்கே வேலைக்குப் போகிற பாதையில் ஒரு வயல். அதன் நடுவில் நேற்றுக் காலமை ஒரு வெள்ளை ஆந்தை நிலத்தில் உட்கார்ந்திருந்தது. பின்னேரம் திரும்பி வரும்போதும் அதே இடம். இன்றைக்கும் அப்படித்தான், பறக்கவே இல்லை. வடக்கே சாப்பாடு இல்லாமல் பட்டினியில் வருகின்றன என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார். வளர்ப்புப் பிராணி விற்கிற பெட் கடையில் எலி வாங்கிக் கொண்டுபோய் விடலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். ஆந்தைக்கு ஏதும் வருத்தமா? யாருக்குச் சொல்லவேண்டும்?

டிசம்பர் 1, காலை

தம்பி, எலி வாங்கவேண்டாம், வயலுக்குள் இறங்கவும் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சுகமாகத்தான் இருக்கிறது.

பனி ஆந்தை வட துருவப் பக்கத்தில், மரமே இல்லாத துந்திரா வெளியில் பிறந்து வளர்கிற பறவை. நிலத்தில்தான் கூடு, நிலத்தில்தான் இருப்பு. கொஞ்சம் மேடாக ஒரு மண்கட்டி கிடைத்தால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் அதிலேயே இருக்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசையாமல் இருப்பதால் பார்க்கிறவர்களுக்கு உயிர் போகப்போகிற மாதிரித் தெரியும். ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒருமுறை அந்தப் பக்கம் போய், தெருவில் நின்றே பாருங்கள். எழும்பி ஒரு மின்கம்பத்துக்கோ கொட்டில் கூரைக்கோ போகும். வேட்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

கவலைப்படவேண்டிய அறிகுறிகள் வேறு. ஒரு சிறகு மற்றதைவிடத் தாழ்ந்து தொங்குவது, இரத்தம், தெருவோரத்திலேயே கிடப்பது, ஆள் கிட்டப் போனாலும் விலக முயலாமல் இருப்பது. இதில் எதைக் கண்டாலும் நீங்களாகப் பிடிக்கப் போகாமல் காயப்பட்ட காட்டுயிர்களைப் பராமரிக்கிற ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரர் போன்ற இடத்துக்கு அழையுங்கள். பெண் ஆந்தை இரண்டு கிலோவைத் தாண்டும், நகம் கையுறையையும் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

டிசம்பர் 1, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டுப் போனேன். பட்டினிக் கதையைப் பற்றி ஆறுதலாக எழுதவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு குளிர்காலமும் இது திரும்ப வருகிறது, அந்தக் கதையை நம்பித்தான் ஆட்கள் எலியோடு புறப்படுகிறார்கள்.

வடக்கில் லெம்மிங் அழிந்துபோன ஆண்டில் ஆந்தைகள் பசியில் தெற்கே ஓடிவருகின்றன என்று பல காலம் அறிஞர்களும் நம்பினார்கள். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. லெம்மிங் என்பது துருவப் பகுதியில் வாழும் ஒரு கொழுத்த சிறிய எலி. மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதன் தொகை பெருகி உச்சத்துக்குப் போய், பிறகு விழும். லெம்மிங் குறைந்த ஆண்டில் பனி ஆந்தை முட்டையே இடாமல் விட்டுவிடும். பெருகிய ஆண்டில் ஒரே கூட்டில் ஏழு, எட்டு, சிலவேளை பதினொரு முட்டைகூட இருக்கும். அத்தனை குஞ்சுகளும் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் ஆளுக்கொரு திசையாகப் பரவுகின்றன. ஆந்தைகள் கூட்டமாகத் தெற்கே வருகிற பெருவரவு ஆண்டுகளில் நாங்கள் இங்கே காண்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கோடையில் பிறந்தவைதான்.

2013ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் வட கியூபெக்கில் எடுத்த ஒரு கூட்டின் படம் பறவை பார்க்கிறவர்கள் மத்தியில் மிகவும் பேசப்பட்டது. குஞ்சுகளைச் சுற்றி வட்டமாக இரை குவிந்து கிடந்தது: 70 லெம்மிங், 8 வோல் எலி. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் முனையில் ஆந்தைகள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கின. அந்தக் குளிர்காலத்தில் புளோரிடாவிலும் ஒன்று நின்றது, பெர்முடாவுக்கும் போயிருக்கிறது. கிழக்கு வட அமெரிக்காவில் பல பத்தாண்டுகளில் காணாத வரவு அது. கூட்டைச் சுற்றி எழுபது எலி அடுக்கியிருந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினியால் வந்தார்கள் என்று யார் சொல்லமுடியும்?

டிசம்பர் 3

காட்டுயிர் மறுவாழ்வு நிலையத்தில் தொண்டராக இருக்கிற அக்கா எழுதியிருப்பது முக்கியமானது. அவர் கையில் வந்த ஆந்தைகள் எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தன, பட்டினி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்.

அவர் கண்டதும் உண்மை. மறுவாழ்வு நிலையத்துக்கு வருகிற ஆந்தை என்பது ஏற்கெனவே ஏதோ ஒன்றில் அகப்பட்டுக்கொண்ட ஆந்தை. அங்கே இருந்து பார்த்தால் எல்லாமே மெலிந்துதான் தெரியும். வெளியில் நடமாடுகிறவற்றைப் பிடித்து, எடை நிறுத்து, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பறக்கவிடுகிற ஆட்கள் பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூட்டமாக வருகிற ஆண்டுகளிலும் அவை பட்டினியில் இல்லை என்பதே அதன் முடிவு. அதற்காக ஓர் ஆந்தையும் பசியில் சாவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் குளிர்காலத்தைக் காண்கிற குஞ்சு, கார் என்றால் என்னவென்று தெரியாத குஞ்சு. வண்டி, மின்கம்பி, விமானம், எலி நஞ்சு, இவைதான் பெரிய காரணங்கள். எலி நஞ்சு தின்ற எலியைத் தின்றால் ஆந்தையின் இரத்தம் உறையாது, சிறு காயமே போதும். சிறகில் அடிபட்டு வேட்டையாட முடியாமல் இரண்டு கிழமை கிடந்து மெலிந்த ஆந்தையைப் பார்த்துவிட்டு "பட்டினி" என்று எழுதிவிடுகிறோம். பட்டினி கடைசியாக வந்தது, முதலில் வந்தது கார்.

அக்காவின் நிலையத்துக்கு யாராவது உதவ நினைத்தால் காசாகக் கொடுங்கள். அங்கே எப்போதும் தட்டுப்பாடுதான்.

டிசம்பர் 7

எங்கே, எப்படித் தேடுவது என்று மூன்று நான்கு பேர் கேட்கிறார்கள். இடம் சொல்லமாட்டேன், ஏன் என்று பிறகு எழுதுகிறேன். எப்படி என்பதைச் சொல்லலாம்.

ரொறன்ரோவை விட்டு வடக்கே போனால் ஹொலண்ட் மார்ஷ், அதற்கு அப்பால் சிம்கோ பக்கம் எல்லாம் அறுவடை முடிந்த தட்டை நிலம். நான் விரும்புவது அந்தக் கிராமத்துச் சரளைக்கல் பாதைகளைத்தான். மெதுவாகப் போகவேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடவேண்டும், கண் வயலை ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். வேலிக் கட்டை, மின்கம்பத்தின் உச்சி, தானியக் களஞ்சியத்தின் முகடு, வைக்கோல் சுருள், உழுத வயலில் தனியாக நிற்கிற மண்மேடு. பனி கொட்டிய நாளில் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடவேண்டியிருக்கும், ஆனால் ஸ்னோ விழமுன் டிசம்பர் தொடக்கத்தில், கறுத்த மண்ணில், ஒரு கிலோமீற்றர் தூரத்திலிருந்தே தெரியும். பிளாஸ்டிக் பையும் தெரியும். பசளைப் பையும் தெரியும். வெள்ளையாக எதைக் கண்டாலும் பைனாகுலரை எடுத்துப் பாருங்கள். பை காற்றுக்கு அசையும், ஆந்தை தலையை மட்டும் திருப்பும். அந்த மஞ்சள் கண் இரண்டும் உங்கள் பக்கம் வந்தால் நெஞ்சு ஒருமுறை அடித்துத்தான் ஓயும். இத்தனை ஆண்டாகப் பார்த்தும் எனக்கு அது குறையவில்லை.

காரை விட்டு இறங்காதீர்கள். கார் என்றால் அதற்குப் பயம் குறைவு, இரண்டு காலில் நிமிர்ந்து வருகிற உருவத்தைக் கண்டால்தான் பயம். என்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி, உள்ளே இருந்தே பாருங்கள். கண் பாதி மூடியிருந்தால் நீங்கள் நிற்கிற தூரம் சரி. கழுத்தை நீட்டி நிமிர்ந்து, கண்ணை அகலத் திறந்து உங்களையே பார்க்கத் தொடங்கினால் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டீர்கள், பின்னால் எடுங்கள்.

டிசம்பர் 9

அம்மாவுக்குப் படம் காட்டியபோது "ஆந்தையைக் காலமை காட்டாதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம் ஒருவரின் தாயார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஊரில் இரவில் கூகை கத்தினால் யாருக்கோ ஆகாது என்று சொல்லி வளர்த்தவர்கள். அவர்களோடு வாதாடி வெல்லமுடியாது, நான் வாதாடவும் இல்லை. மாமியைக் காரில் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பின்னேரம் காட்டினேன். கால் விரல் வரைக்கும் இறகு போர்த்திக்கொண்டு அது கம்பத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிருக்கு இதுக்குத்தான் சரியான உடுப்பு" என்றார். அதற்குப் பிறகு நவம்பர் வந்தால் அவரே கேட்கிறார், இன்னும் வரவில்லையா என்று.

டிசம்பர் 15

எலி விஷயத்துக்கு வருகிறேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்தை இரண்டு சிறகையும் விரித்து, காலை முன்னால் நீட்டி, கமராவையே நோக்கித் தாழப் பறந்துவருகிற படம் ஒன்றை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் எப்படி வருகிறது தெரியுமா? எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. பொறுமையாகக் காத்திருந்து எடுத்த நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். ஆனால் நிறையப் படங்கள் இப்படித்தான்: பெட் கடையில் வெள்ளெலி வாங்குகிறார்கள், அதை ஸ்னோவின் மேல் விடுகிறார்கள், வரிசையாகக் கமராவோடு படுத்துக்கொள்கிறார்கள். ஆந்தை வருகிறது. எலிக்கு அங்கே ஒளிக்க இடமே இல்லை. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. நாள் முடிவதற்குள் அந்த ஆந்தை, கார் வந்து நின்றாலே சாப்பாடு வருகிறது என்று பழகிவிடுகிறது.

அப்படிப் பழகிய ஆந்தையை நான் பார்த்திருக்கிறேன். தெருவோரத்தில் ஒரு பிக்கப் வண்டி மெதுவானதும் கம்பத்தை விட்டு இறங்கி, தெருவைத் தாழக் குறுக்கே வெட்டி வந்தது. எதிர்ப்பக்கம் வந்த வண்டிக்காரர் பிரேக் பிடித்ததால் தப்பியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கோபமும் வந்தது. ஆந்தையில் என்ன கோபம், அதற்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில்தான்.

கடை எலியில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பது இன்னொரு பிரச்சினை. அதைவிடப் பெரியது, அதற்கு அந்த எலி தேவையே இல்லை என்பது. வயலில் வோல் எலி நிறைய இருப்பதால்தானே அந்த வயலைத் தெரிந்தெடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒன்ராறியோவின் வனவுயிர்ச் சட்டத்தில் பனி ஆந்தை சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற இரைகொல்லிப் பறவைகளில் ஒன்று. அதைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் நடக்கவேண்டிய விஷயமா இது?

டிசம்பர் 16

"நான் ஒரே ஒரு எலிதான் விட்டேன், அதுவும் பாவம் பார்த்துத்தான், படத்துக்காக இல்லை" என்று எழுதிய அண்ணாவுக்கு: உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. நீங்கள் போன பிறகு அங்கே இன்னொருவர் வருவார், அவரும் பாவம் பார்த்து ஒன்றே ஒன்று விடுவார். ஆந்தைக்கு அது ஒரே ஆளாகத்தான் தெரியும். தயவுசெய்து விடாதீர்கள்.

டிசம்பர் 22

யாரோ விமான நிலையத்துப் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள், எனக்குப் பிடித்த பகுதி.

பனி ஆந்தைக்கு விமான நிலையம் என்றால் அவ்வளவு விருப்பம். மேலே இருந்து பார்த்தால் தட்டையான, மரமில்லாத, புல் கட்டையாக வெட்டிய பெரிய வெளி, பிறந்த இடம் போலவே இருக்கும். எலியும் உண்டு. பொஸ்டன் லோகன் விமான நிலையத்தில் மாஸ் ஓடுபன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த நோர்மன் ஸ்மித் என்பவர் 1981 தொடக்கம் ஆந்தைகளை ஓடுபாதையிலிருந்து பிடித்து, கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டு வந்திருக்கிறார். தொகை 900ஐத் தாண்டியிருக்கிறது. வலை, உயிருள்ள இரையைக் கூட்டுக்குள் வைத்த பொறி, பிறகு காலில் வளையம், எடை, அளவு. இந்த வேலையை ஒரு மனிதர் பல பத்தாண்டு விடாமல் செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை.

2013 டிசம்பரில் நியூயோர்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் மூன்று பனி ஆந்தைகளைச் சுட்டார்கள். அந்த வட்டாரத்து விமான நிலையங்களில் சில விமானங்களில் ஆந்தை மோதியிருந்தது, பயணிகள் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். ஊரே கொதித்து எழுந்தது. சில நாட்களுக்குள் சுடுவதை நிறுத்தி, பொஸ்டனைப் போலப் பிடித்து இடம் மாற்றுவோம் என்று அறிவித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முந்தி, 2011 நவம்பரில், ஹவாயி வரைக்கும் போய்விட்ட ஒரு பனி ஆந்தையும் ஹொனலூலு விமான நிலையத்தில் சுடப்பட்டது. ஹவாயியில் இந்தப் பறவை அதற்கு முன் பதிவானதே இல்லை.

பயணிகளின் உயிரா ஆந்தையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உயிர் முக்கியம்தான், இரண்டு கிலோப் பறவை என்ஜினுக்குள் போனால் சின்ன விஷயம் அல்ல. சுடாமலே அதைத் தீர்க்கலாம் என்று பொஸ்டனில் முப்பது ஆண்டுக்கு மேலாகச் செய்து காட்டியிருந்தார்களே.

டிசம்பர் 23

மொன்றியல் அண்ணா நினைவுபடுத்திய படம்: 2016 ஜனவரியில் நெடுஞ்சாலை 40இல் போக்குவரத்துக் கமராவுக்கு நேரே பறந்துவந்து அகப்பட்ட பனி ஆந்தை. கியூபெக் போக்குவரத்து அமைச்சரே அதை வெளியிட்டார், உலகம் முழுக்கச் சுற்றியது. எலி விடாமல், ஒருவரும் துரத்தாமல், அதுவாக வந்த சிறகு விரித்த படம். அதை மிஞ்சப் பெரிய லென்ஸ்காரர்களால் முடியவில்லை என்று அண்ணா சொல்வது சரிதான். பனி ஆந்தை 1987 தொடக்கம் கியூபெக்கின் அதிகாரபூர்வப் பறவை என்பதையும் அவர் பெருமையாகச் சேர்த்திருக்கிறார்.

ஜனவரி 4

"முழு வெள்ளை ஆண், கோடு போட்டது பெண்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. ஆண் ஆந்தைக்கு வயது ஏற ஏற வெள்ளை கூடும், முதிர்ந்த ஆண் கிட்டத்தட்டப் புள்ளியே இல்லாமல் இருக்கும். பெண்ணுக்குக் கறுத்த பட்டைகள் வாழ்நாள் முழுக்க ஓரளவு இருக்கும். சிக்கல் குஞ்சுகளில். முதல் ஆண்டு ஆண் குஞ்சும் முதிர்ந்த பெண்ணும் தூரத்திலிருந்து ஒரே மாதிரித் தெரியும். கையில் பிடிக்கிறவர்கள் வாலில் எத்தனை பட்டை, சிறகில் இருப்பது புள்ளியா கோடா என்று பார்த்துத்தான் சொல்கிறார்கள். வயலில் இருநூறு மீற்றரில் நின்று கட்டாயம் ஆண்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

ஜனவரி 12

டிசம்பர் 1இல் லெம்மிங், வோல் என்று எழுதியதோடு விட்டுவிட்டால், இது எலி தின்கிற பறவை என்று மட்டும் நினைப்பீர்கள். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, எனக்கு இந்தப் பறவையில் இருக்கிற வியப்பில் பாதி அதில்தான்.

2013இன் பெரிய வரவைக் கண்டுவிட்டு அந்த டிசம்பரிலேயே சில ஆய்வாளர்கள் சேர்ந்து புரொஜெக்ட் ஸ்னோஸ்ரோம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆந்தையின் முதுகில் ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ள கருவி. சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொள்ளும், ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்ளும், கைத்தொலைபேசிக் கோபுரம் எட்டுகிற இடத்தில் எல்லாவற்றையும் அனுப்பும். ஆந்தை வடக்கே போனால் கோபுரம் இல்லை, ஆனால் கருவி குறித்துக்கொண்டே இருக்கும். அடுத்த குளிர்காலம் அது தெற்கே வந்து ஒரு கோபுரத்துக்குக் கிட்ட உட்கார்ந்ததும் முழுக் கோடைக்காலப் பயணமும் வந்து கொட்டும். ஓராண்டாகச் செய்தியே இல்லாத ஆந்தை ஒரு நாள் திடீரென்று பேசுவதை நினைத்துப் பாருங்கள். வராமலே போனவையும் உண்டு.

அந்தப் பதிவுகளில் சில ஆந்தைகள் குளிர்காலம் முழுக்க ஒரு சில வயல்களுக்குள்ளேயே இருந்தன. வேறு சில உறைந்த பெரிய ஏரிகளின் நடுவே, கரை தெரியாத தூரத்தில், பனிக்கட்டிப் பாளங்களின் மேல் வாரக்கணக்கில் இருந்தன. அங்கே எலி ஏது? பாளங்கள் பிளந்து தண்ணீர் தெரிகிற இடத்தில் வாத்தும் முக்குளிப்பானும் சேரும். இரவில் அவற்றை வேட்டையாடுகின்றன. இதற்கு முன்பே கனடாவின் வடகோடியான நுனவுட்டின் பைலட் தீவில் பெண் ஆந்தைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்திப் பார்த்தவர்களும் இதைக் கண்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் தெற்கே வரவே இல்லை. சூரியன் எழாத இருட்டில், கடல் உறைந்த வெளியில், தண்ணீர் திறந்திருக்கிற இடங்களின் பக்கம் தங்கி, கடல் வாத்துகளை நம்பி இருந்தன. கோடையில் இருபத்துநாலு மணிநேர வெளிச்சத்தில் வேட்டையாடுகிற அதே பறவை!

ஒன்ராறியோ ஏரிக்கரையில் குளிர்காலத்தில் நீள்வால் வாத்து ஆயிரக்கணக்கில் நிற்கும். பொழுதுபட்ட பிறகு அலைதடுப்புக் கல்லில் ஒரு பனி ஆந்தை தண்ணீரைப் பார்த்தபடி இருந்தால், எதற்கு என்று இனி உங்களுக்குத் தெரியும்.

இதிலும் ஒரு கேடு வந்து சேர்ந்திருக்கிறது. 2021 கடைசியிலிருந்து வட அமெரிக்காவில் பரவிய பறவைக் காய்ச்சல் வாத்துகளிடம் இருக்கிறது. நோயுற்ற வாத்துதான் முதலில் அகப்படும். பனி ஆந்தைகளும் அந்த நோயால் செத்திருக்கின்றன.

ஜனவரி 20

இடம் ஏன் சொல்லமாட்டேன் என்று எழுதுவதாகச் சொன்னேன். கேள்வி கேட்ட தம்பியின் ஆந்தைக்கு நடந்ததையே சொல்கிறேன், அவர் அனுமதியோடு.

அவர் நல்ல எண்ணத்தில் குழுவுக்குள் இடக்குறியைப் போட்டார். குழுவில் ஒருவர் இன்னொரு குழுவுக்கு அனுப்பினார். சனிக்கிழமை காலையில் அந்தச் சிறிய பாதையின் இரண்டு பக்கமும் கார். பிள்ளைகள், பாட்டி, ட்ரோன் ஒன்று, முக்காலியோடு வயலுக்குள் இறங்கியவர்கள். வயல் ஒரு விவசாயியின் சொந்த நிலம், அதில் குளிர்காலக் கோதுமை முளைத்து நிற்கிறது, ஸ்னோவுக்குக் கீழே இருப்பதால் நடக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர் வந்து சத்தம் போட்டார், அவருடைய கோபம் நியாயம். ஆந்தையை மூன்று முறை எழுப்பினார்களாம். நாலாவது முறை அது கிழக்கே போய்விட்டது, பிறகு அங்கே ஒருவரும் காணவில்லை.

தம்பி இதற்காக வருந்தி எழுதியிருக்கிறார். உங்களைக் குறை சொல்லவில்லை, தம்பி. அழகான ஒன்றைக் கண்டால் நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்று தோன்றுவது நல்ல குணம். நாலு பேரை உங்கள் காரிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். இடக்குறி போடாதீர்கள், படம் போட்டால் பின்னால் தெரிகிற கொட்டில், தெருப்பலகை தெரியாமல் வெட்டிப் போடுங்கள், ஒரு கிழமை கழித்துப் போடுங்கள்.

கிங்ஸ்ரனுக்குக் கிட்ட இருக்கிற அம்ஹேர்ஸ்ற் தீவுக்கு ஃபெரியில் போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆந்தைக்குப் பேர்போன தீவு, எல்லோருக்கும் தெரிந்த இடம், ஆகவே சொல்கிறேன். அங்கே வீடுகளும் பண்ணைகளும் தனியார் நிலம், கூட்டத்தால் அந்த மக்கள் பட்ட தொல்லை கொஞ்சம் அல்ல.

ஜனவரி 21

"ஓர் ஆந்தையைத் துரத்தினால் என்ன, இலட்சக்கணக்கில் இருக்கிறதே" என்று எழுதியவருக்கு.

இலட்சக்கணக்கில் என்பது பழைய கணக்கு. முன்பு உலகம் முழுக்க மூன்று இலட்சத்துக்குக் கிட்ட இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இப்போது முப்பதாயிரம் அளவில்தான் என்கிறார்கள். பத்தில் ஒன்று. இதற்குள் ஒன்பது பங்கு செத்துப்போய்விட்டது என்று அர்த்தம் அல்ல, பழைய மதிப்பீடே மிகைப்பட்டது. அது ஏன் மிகைப்பட்டது என்றால், ஏதோ ஓர் ஆண்டில் நிறையக் கூடு கண்ட இடத்தை வைத்து மற்ற இடமெல்லாம் இப்படித்தான் என்று பெருக்கினார்கள். ஆனால் பனி ஆந்தை சென்ற ஆண்டுக் கூட்டுக்குத் திரும்புகிற பறவை அல்ல. பைலட் தீவுப் பெண் ஆந்தைகள் ஒரு கூட்டுக்கும் அடுத்த ஆண்டுக் கூட்டுக்கும் இடையில் சராசரியாக 725 கிலோமீற்றர் தள்ளிப் போயிருந்தன. லெம்மிங் எங்கே பெருகுகிறதோ அங்கே. ஆகவே ஒரே ஆந்தையை வேறு வேறு நாட்டில் வேறு வேறாக எண்ணுகிற நிலை. 2017இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் இதை அழியக்கூடிய நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் ஏற்றியது.

பெருவரவுக் காலத்தில் எங்கும் கண்ணில் படுவதால் தொகை கூடிவிட்டது என்று தோன்றும். அது ஒரு நல்ல கோடையின் பலன். வடக்கே குளிர்காலம் இளகி, பனிப்போர்வை நனைந்து உறைந்தால் அதற்கு அடியில் வாழ்கிற லெம்மிங்குக்குத்தான் முதல் அடி. அந்த ஏற்ற இறக்கம் குலைந்தால் இப்படி ஒரு கோடை வராது.

பெப்ரவரி 2

நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் 2021 ஜனவரி 27இல் வந்த ஆந்தையைப் பற்றி ஒருவர் கேட்டார். 1890க்குப் பிறகு அந்தப் பூங்காவில் பதிவான முதல் பனி ஆந்தை அது. பேஸ்போல் மைதானத்து மணலில் இறங்கியிருந்தது, கடற்கரை என்று நினைத்ததோ என்னவோ. காகங்கள் சுற்றி நின்று சீண்டின, வேலிக்கு வெளியே மக்கள் வரிசையாக நின்றார்கள். இடத்தை வெளியே சொன்னது சரியா பிழையா என்று அங்கேயும் பெரிய சண்டை. இதில் எனக்கு இரண்டு மனம். வேலிக்கு அப்பால் மைதானத்தில் இருக்கிற ஆந்தையை ஆயிரம் பேர் பார்த்தால், அதில் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பறவை பார்க்கும். சனம் தாண்ட முடியாத வேலி இருக்கிற இடம் வேறு, திறந்த வயல் வேறு. அந்த வித்தியாசத்தை ஜனவரி 20இல் எழுதியதோடு சேர்த்து வாசியுங்கள்.

வொஷிங்டன் ஆந்தையின் கதை வேறு விதம். 2014 ஜனவரியில் நகர நடுவில் பேருந்தில் அடிபட்டது. அங்கே விலங்குக் காட்சிசாலையில் முதலுதவி, பிறகு மினசோட்டாவில் இரைகொல்லிப் பறவை மருத்துவமனை. சேதமான இறகுகளுக்குப் பதிலாக வேறு பனி ஆந்தையின் இறகை ஒட்டிப் பொருத்தினார்கள், அந்த வசந்த காலத்தில் பறக்கவிட்டார்கள். கொஞ்ச நாளில் மினசோட்டாவிலேயே ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் செத்துக் கிடந்தது. அத்தனை கை சேர்ந்து காப்பாற்றிய பறவை. கார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தெருவோரத்தில் ஆந்தையைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், அதுவே பெரிய உதவி.

மார்ச் 19

இன்னும் இரண்டு மூன்று நிற்பதாக அக்கா எழுதியிருக்கிறார். ஏப்ரல் வரைக்கும் சில தங்கும். பெரும்பாலானவை இப்போது புறப்பட்டிருக்கும்.

அடுத்த குளிர்காலம் வருமா என்று கேட்ட பிள்ளைக்கு: ஒரு சில எப்போதும் வரும், ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றுமே இல்லாமல் போவது அரிது. கூட்டமாக வருமா என்பது இந்த ஜூனில் வட கியூபெக்கின் உங்காவாவிலும் நுனவுட்டிலும் லெம்மிங் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோடையில் அங்கே வேலை செய்கிறவர்கள் கூடு நிறையக் கண்டால் இலையுதிர் காலத்தில் செய்தி வரும். நவம்பர் கடைசிக் கிழமையிலிருந்து தேடத் தொடங்குங்கள், அப்பாவைக் காரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. செத்த ஆந்தையைக் கண்டால் குப்பையில் போடாதீர்கள், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். கனடிய வனவுயிர் நலக் கூட்டமைப்புக்கு அறிவியுங்கள், ஒன்ராறியோவுக்கான நிலையம் குவெல்ஃபில் இருக்கிறது. நஞ்சா, காய்ச்சலா, காரா என்று அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். எலி நஞ்சு வைக்கிற பண்ணைக்காரரோடு நாங்கள் பேசப்போனால் கையில் அந்த அறிக்கை இருக்கவேண்டும்.